மாமனார் நிலம் புளிக்காது

என் மாமனார் திகோமிர் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அடுப்பை மாற்றலாமா என்று கேட்டால், அப்பா காலத்தில் இந்த அடுப்புத்தான் என்பான் என் புருஷன் மிலிசாவ். மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போடலாமா என்றால், அப்பா ஓடுதான் போட்டார் என்பான். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷர் வாயைத் திறந்தால் வசவுதான் வரும். செத்தபிறகு ஒரேயடியாக அறிவாளி ஆகிவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு மேலே அவர் படம் தொங்குகிறது. அதில்கூட, சூப்பில் ஈ கிடந்ததைப் பார்த்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் விட்டுப்போன நிலம் மட்டும் இனிக்கவா செய்யும்? மேட்டு நிலம் என்போம் அதை. வீட்டுக்குப் பின்னால் ஏறிப் போனால் ஒரு ஹெக்டேர். மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் கடப்பாரை இறங்காது. அதில் மூன்று வருஷம் அடுத்தடுத்துக் குதிரை மசால் விதைத்தேன். மாட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் கிடையாது. ஒரு தரம் வேர் பிடித்துவிட்டால் நாலைந்து வருஷம் அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் எங்கள் நிலத்தில் முதல் மாதம் பச்சையாக வரும், அடுத்த மாதம் மஞ்சளாகும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. அது இருந்த இடத்தில் சுக்காங்கீரை கொழுகொழுவென்று நிற்கும். அந்தக் கீரை புளித்த மண்ணில்தான் அப்படி வளரும் என்பது எங்கள் ஊர்க் கோழிக்குக்கூடத் தெரியும்.

தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய நிலம் புளிப்பு என்றால் அவனையே சொன்ன மாதிரி. அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், அந்த வீட்டு ஒயினைக் குடிக்க யோசிப்பார்கள். முட்டைக்கோஸ் புளிக்கலாம், பால் புளிக்கலாம், பாதிரியாரின் பிரசங்கம் வருஷம் பூராவும் புளிக்கலாம். நிலம் மட்டும் புளிக்கக் கூடாது. சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்று நான் சொன்னபோதெல்லாம் மிலிசாவ் மேசைக்கு மேலே இருக்கும் படத்தைக் காட்டி, "எங்கப்பா நிலம் புளிக்காது" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு ஐந்து மாடு. நான் கல்யாணமாகி வந்தபோது என் அம்மா ஓட்டிவிட்ட ஒரு கன்றின் வம்சம் அவ்வளவும். பாலைக் காய்ச்சி, ஆடையைத் திரட்டி, உப்புப் போட்டுக் கைமாக் செய்து, சனிக்கிழமை வால்யெவோ சந்தைக்குக் கொண்டுபோவேன். அங்கே எனக்கென்று ஒரு பலகை இருக்கிறது. என்னைத் தேடிக்கொண்டு வருகிற டாக்டர் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவதைப் பார்த்தால் எனக்கு ஒரு வாரத்துக்குத் தெம்பு வரும். மற்ற ஆறு நாளும் அடுப்பும் மிலிசாவின் இடுப்புவலியும்தான். மாடு போனால் ஏழாவது நாளும் அதுதான்.

மூன்றாவது விதைப்பும் போன அந்தக் கோடையில் மழை பொய்த்தது, வைக்கோலை விலைக்கு வாங்கினோம். மிலிசாவ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னான். "இன்னும் ஒரே ஒரு தடவ விதைச்சுப் பாரு. அதுவும் வரலேன்னா, அடுத்த வருஷம் ப்ளம் பழுக்கறப்ப மாட்டையெல்லாம் வித்துட்டு, நிலத்த ஒப்ரெனுக்குக் குடுத்துடறேன்."

ஒப்ரென் எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன். அப்படி நின்றவனை நாங்கள் கும் என்போம், அவன் என்னைக் குமா என்பான். கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போகலாம், மாமியாரோடு ஜென்மத்துக்கும் பேசாமல் இருக்கலாம், கும்மோடு மட்டும் முகம் கோணக் கூடாது. ஒப்ரென் மோசமானவன் இல்லை. ஆனால் மேட்டு நிலத்துக்கு வலது பக்கம் அவன் நிலம், இடது பக்கமும் அவன் நிலம். நடுவில் நாங்கள் தொண்டை முள்ளாக இருந்தோம். ஒவ்வொரு தடவையும் எங்கள் வரப்புவரை வந்து டிராக்டரைத் திருப்பும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மிலிசாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு பாட்டில் ரகியாச் சாராயத்தோடு வந்து உட்கார்ந்து, முதல் குவளையில் இடுப்பை விசாரிப்பான், இரண்டாவது குவளையில் நிலத்தை விசாரிப்பான்.

செப்டம்பர் மாதக் கடைசியில் வட்டார அலுவலகத்திலிருந்து துன்யா என்ற விவசாய அதிகாரிப் பெண் வந்தாள். யாருடைய மண் புளித்திருக்கிறதோ அவர்களுக்கு வீட்டுக்கு ஒரு ஹெக்டேர் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் தூள் இலவசம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு பழைய கூட்டுறவுக் கட்டிடத்துக்கு வாருங்கள், அங்கேயே சோதித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஊரே ஆடிப்போய்விட்டது. இலவசம் என்றால் விட மனசில்லை. ஆனால் அதற்கு ஊர் பார்க்க என் மண் புளிப்பு என்று நிரூபிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க ஆண்கள் குடிக்கும்போதுகூடச் சிரிக்கவில்லை, கௌரவத்துக்கும் ஓசிக்கும் நடுவில் அவ்வளவு மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் மட்டும், தேவாலய நிலம் கர்த்தருடையது, அது புளித்தால் தனக்கு வெட்கமில்லை என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை துன்யா ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். மண்ணை வெள்ளைத் தட்டில் வைத்து மேலே ஒரு திரவத்தைச் சொட்டுவாள். சிவந்தால் புளிப்பு, பச்சையானால் நல்ல மண், நீலமானால் சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம். ஒப்ரென் ஒரு கண்ணாடிப் புட்டியில் மண் கொண்டுவந்திருந்தான். துன்யா சொட்டியதும் அது தட்டு கொள்ளாமல் சிவந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. துன்யா தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஒப்ரென் மாமா, உங்க நிலத்துல பூண்டு கூட வெளையுதா?"

மிளகாய் ஊறப்போடும் பருவம் அது. எல்லார் வீட்டிலும் பூண்டு போட்ட வினிகர் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. புளிப்பு போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒப்ரென் ஊறுகாய் வினிகரை ஒரு கரண்டி எடுத்து மண்ணில் ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்துவிட்டான். புட்டியைக் கவிழ்த்தபோது ஒரு பிரிஞ்சி இலையும் விழுந்தது. சிரித்துச் சிரித்துப் பாதிரியாருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அடுத்தது மிலிசாவ். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தான். பையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. காலையில் அவன் மேட்டு நிலத்துக்கு ஏறவே இல்லை, கொட்டகைக்குப் பின்னால்தான் போய் வந்தான். துன்யா சொட்டினாள். நீலம். கரு நீலம். அவள் நம்பாமல் இன்னொரு புட்டியிலிருந்து அமிலத்தை ஒரு சொட்டு விட்டாள். மண் சோடா மாதிரி பொங்கியது.

"மாமா, இந்த மண்ணைக் கரைச்சு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமே" என்றாள் துன்யா.

வெள்ளையடிக்கத்தான் அது. கொட்டகைக்குப் பின்னால் மாமனார் காலத்தில் சுண்ணாம்பு நீற்றிய குழி இருந்தது. மூடிப் பல வருஷமாகிறது. அந்த இடத்து மண்ணை எடுத்தது தற்செயல் என்று மிலிசாவ் இன்றைக்கும் சாதிக்கிறான். துன்யா பொறுமையாகத்தான் பேசினாள். ஒப்ரெனின் நிலத்துக்கு நானே வந்து மண் எடுக்கிறேன், மிலிசாவ் மாமா, உங்கள் மேட்டு நிலத்திலும் துளைக்கருவியால் நாலு இடத்தில் குத்தி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்றாள். மிலிசாவ் பையை மடித்து இடுக்கிக்கொண்டான்.

"எங்கப்பா நிலத்துல ஒருத்தரும் குத்த வேண்டாம். எல்லாரும் பாத்தாச்சு. அது புளிக்காது."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க நான் அவனைத் திட்டினேன். உன் அப்பாவின் மானம் இருக்கிறது, என் மாடு எங்கே போய் மேயும் என்று கேட்டேன். அவன் காது கேட்காதவன் மாதிரி நடந்தான். அன்று ராத்திரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

துன்யா மறுநாள் ஒப்ரெனின் நிலத்தைக் குத்திப் பார்த்தாள். வினிகர் இல்லாமலே நன்றாகப் புளித்துத்தான் இருந்தது. பேசாமல் உண்மையான மண்ணைக் கொண்டுவந்திருந்தால் மானமும் மிஞ்சியிருக்கும். அக்டோபரில் அவனுக்கு லாரி வந்து சுண்ணாம்புத் தூளைக் கொட்டிவிட்டுப் போனது. அதே வாரம் மிலிசாவ் டாக்டர் சீட்டோடு மூன்று வாரத்துக்கு இடுப்பை ஊறவைக்க வெந்நீர் ஊற்று விடுதிக்குப் புறப்பட்டுப் போனான்.

நான் ஒரு கிண்ணம் கைமாக் எடுத்துக்கொண்டு ஒப்ரெனைப் பார்க்கப் போனேன். அவன் அந்தச் சாம்பல் வெள்ளைக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒரு ஹெக்டேருக்குத்தான் தூள் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பக்கத்துக்கும் பிரித்துத் தூவினால் இரண்டும் வீண், ஒரே நிலத்தில் முழு அளவும் போடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வலதா இடதா என்று இன்னும் அவனுக்கு முடிவாகவில்லை.

"நடுவுல இருக்கறத விட்டுட்டியே கும்" என்றேன்.

"அது உங்களது, குமா."

"இப்போதைக்கு."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். மிலிசாவ் சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னேன். ஒரே ஒரு விதைப்பு, வராவிட்டால் அடுத்த ப்ளம் பருவத்தில் மாடும் போச்சு, நிலமும் உனக்குத்தான். பிறகு துன்யா எல்லோரிடமும் சொல்லியிருந்ததையும் சொன்னேன். சுண்ணாம்பு போட்டதும் மண் மாறிவிடாது, குளிர்காலம் முழுக்க ஊற வேண்டும், இரண்டாவது வருஷம்தான் முழுப் பலன். நிலம் கைக்கு வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருஷம் நஷ்டம், அப்போது இந்த ஓசித் தூள் இருக்குமோ என்னவோ. எல்லாம் உண்மை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"அது சரி, இந்த வருஷமே மசால் வந்துடுச்சுன்னா?" என்று கேட்டான். அவ்வளவு மடையன் இல்லை அவன்.

"மூணு வருஷமா வராததா?" என்றேன். அது வெறும் கேள்விதான். கேள்வி எப்படிப் பொய்யாகும்?

"மிலிசாவ் இல்லாதப்ப அவன் நிலத்துல எறங்கறது நல்லாயிருக்குமா?"

"வந்ததும், கும் உழுது குடுத்தான்னு சொல்றேன். தூவிட்டு உழத்தானே போற?"

அவன் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூன்று நிலமும் ஒன்றாகி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டிராக்டர் திரும்பாமல் ஓடுவது அவன் கண்ணில் எனக்கே தெரிந்தது. விரலால் கைமாக்கை ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொண்டு, சரி என்றான்.

இரண்டு நாள் தூவினான். டிராக்டருக்குப் பின்னால் வெள்ளைப் புகை. மாவில் விழுந்த பூனை மாதிரி புருவம் மீசையெல்லாம் வெளுத்துக் கீழே இறங்கி வருவான். நான் சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கும் எனக்காக உழைக்கிறான், பட்டினி போட முடியுமா? மூன்றாவது நாள் ஆழமாக உழுது, வெள்ளையெல்லாம் மண்ணுக்குள் போனபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மிலிசாவ் விடுதியிலிருந்து சிவந்த கன்னத்தோடு வந்தான். உழுத நிலத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினான். கும் என்றால் இவன்தான் கும் என்று அன்றைக்கே ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனான். ஒப்ரென் அந்த ரகியாவை எந்த முகத்தோடு குடித்தான் என்று எனக்குத் தெரியாது, நான் கூடப் போகவில்லை.

ஏப்ரலில் விதைத்தேன். மே மாதத்தில் பச்சை. ஜூனில் மஞ்சளாகும் என்று தினமும் ஏறிப்போய்ப் பார்த்தேன், ஆகவில்லை. சுக்காங்கீரை ஓரத்தில் ஒன்றிரண்டு தலைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஜூலையில் முழங்கால் உயரம் நின்றது, ஊதாப் பூ வேறு. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன், ஒரு சாண் ஆழம் இறங்கியிருந்தது. நிலத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒப்ரென் வரப்பில் வந்து நின்றான். நான் அறுத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது வருஷம்னு சொன்ன, குமா."

"முழுப் பலன் ரெண்டாவது வருஷந்தான். இது பாதிதான் கும். அடுத்த வருஷம் வந்து பாரு."

அவனால் என்ன சொல்ல முடியும்? என் கும் நொடித்துப்போவான், நிலம் எனக்கு வரும் என்று நம்பி அரசாங்கச் சுண்ணாம்பை அவன் நிலத்தில் கொட்டினேன் என்று ஊரில் சொல்ல முடியுமா? வினிகர்க் கதையே இன்னும் ஓயவில்லை. வந்த வழியே இறங்கிப் போனான்.

மிலிசாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவனையெல்லாம் மேட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் மசாலைக் காட்டி, எங்கப்பா நிலம் என்று பீற்றினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புகழ் செத்துப்போன கிழவருக்குப் போகட்டும், மாடு எனக்கு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடை மாடுகள் கறந்த பாலுக்குப் பாத்திரம் போதவில்லை.

ப்ளம் பழுத்தது. மாடு விற்கிற பேச்சே எழவில்லை. நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் புளூபெர்ரிக்காரன் வந்து சேர்ந்தான்.

நகரத்திலிருந்து ஒரு கம்பெனி. பத்து வருஷக் குத்தகைக்கு நிலம் எடுக்கிறோம், செடி எங்களது, குழாய் எங்களது, வருஷா வருஷம் நீங்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம் என்றான். குத்தகையைக் கேட்டவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. புளூபெர்ரி புளித்த மண்ணில்தான் வளரும். நன்றாகப் புளித்திருக்க வேண்டும்.

ஒரே ராத்திரியில் ஊர் தலைகீழானது. போன வருஷம் புளிப்பு என்றால் கத்தியைத் தூக்கியவர்கள், இந்த வருஷம் என் நிலத்தைப் போலப் புளித்தது எவனுக்கு இருக்கிறது என்று சவால் விட்டார்கள். பச்சை வந்தவர்கள் துன்யாவின் திரவம் கெட்டுப்போனது என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, மிலிசாவ் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்கும்வரை.

"உண்மையச் சொல்லணும்னா, நம்ம மேட்டு நிலம் எப்பவுமே புளிப்புதான்" என்றான். "எங்கப்பாவே சொல்லுவாரு. இந்தப் பக்கத்துலேயே அந்த மாதிரி புளிச்ச நிலம் கெடையாதுன்னு."

நான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். கிழவர் மறுக்கவில்லை.

"மசால் நிக்குதே" என்றேன்.

"உழுதுட்டாப் போச்சு. குத்தகை வந்தா மாடு எதுக்கு? நீயும் எவ்வளவு நாள்தான் சாணி அள்ளுவ?"

என்னவோ எனக்கு நல்லது செய்கிறவன் மாதிரி சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். சுண்ணாம்பு மண்ணுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்காரன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்? பணம் இருப்பவன் மண்ணையே மாற்றுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கம்பெனிக்காரன் மண் பார்க்க வருகிறவரை இரண்டு நாளும் மாட்டின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கம்பெனிக்காரனோடு துன்யாவும் வந்தாள். ஊரில் பாதிப் பேர் பின்னால் ஏறி வந்தார்கள். துன்யா மசாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்.

"மிலிசாவ் மாமா, குதிரை மசால் இவ்வளவு செழிப்பா நிக்கிற இடத்துல புளூபெர்ரி வராது. மண்ணக் குத்திப் பாக்கவே வேண்டியதில்ல."

"குத்து" என்றான் மிலிசாவ். "நல்லா ஆழமாக் குத்து. எங்கப்பா நிலம், எனக்குத் தெரியாதா? அது புளிச்ச நிலம்."

குத்தினாள். பச்சை. இன்னொரு இடத்தில் குத்தச் சொன்னான். பச்சை. வரப்போரம், கிணற்றோரம், நடுமத்தி என்று அவனே இடத்தைக் காட்டிக் காட்டிக் குத்தவைத்தான். எல்லாம் வசந்தகாலப் புல் மாதிரி பச்சை. கந்தகம் போட்டுப் புளிக்கவைக்க முடியாதா என்று கெஞ்சினான். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், புளித்த நிலம் இருக்கும்போது அந்த வம்பு எனக்கெதற்கு என்று கம்பெனிக்காரன் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனான். ஒப்ரெனின் வலது நிலம் சிவப்பு. இடது நிலமும் சிவப்பு. போன வருஷம் அவன் சுண்ணாம்பு போட்டானே என்று துன்யாவே கேட்டாள். ஒப்ரென் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தூளில் மழை பட்டு வீணாகிவிட்டது என்றான். அங்கேயே கை குலுக்கிவிட்டார்கள்.

மிலிசாவ் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். ஆள் மந்தம்தான், ஆனால் கண் இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கியவன் நிலம் சிவப்பு, வாங்காதவன் நிலம் பச்சை.

"என்ன பண்ணின?"

சொன்னேன். கைமாக் கிண்ணம் முதல் சூப்பு வரை எதையும் விடவில்லை. அவன் முகம் சிவந்தது, வெளுத்தது. கும்மைக் கொண்டே என் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறாய் என்று கத்தினான். பத்து வருஷக் குத்தகை, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம், அவ்வளவும் உன்னால் போச்சு என்றான். கடைசியில் குரல் உடைந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலயா?" என்றான்.

"கேட்டேன்" என்றேன். "மூணு வருஷம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒங்கப்பாதான் பதில் சொன்னாரு. மாடு என்னுது, மிலிசாவ். சந்தை என்னுது. விக்கறேன்னு சொன்னியே, அன்னிக்கு நீ எங்கிட்ட கேட்டியா? இந்த வீட்டுல யாராவது எங்கிட்ட எதையாவது எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

அவன் மேசைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. சூப்பு வைத்தால் குடித்தான், அவ்வளவுதான்.

பேச்சை உடைத்தவன் ஒப்ரென்தான். ஒரு சாயங்காலம் புதுத் தொப்பியோடு வந்தான். நான் கொட்டகையில் முதல் மாட்டைக் கறந்துகொண்டிருந்தேன், முற்றத்தில் பேசுவது அப்படியே கேட்டது. கம்பெனிக்காரன் இரண்டு நிலத்துக்கும் ஒரே வேலி, ஒரே குழாய் போடப் பார்க்கிறான். நடுவில் உன் நிலம் குறுக்கே கிடக்கிறது. பச்சையோ சிவப்போ, என்ன விலை சொன்னாலும் தருகிறேன், கொடுத்துவிடு என்றான். விலையையும் சொன்னான். அந்த விலையைக் கேட்டு என் கை காம்பிலேயே நின்றுவிட்டது. மாடு திரும்பிப் பார்த்தது.

மிலிசாவ் ஒரு விறகுக் கட்டையைத் தூக்கி அடுக்கில் வைக்கிற சத்தம் கேட்டது. போச்சு, கொடுத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவனுக்கு என்மேல் இருந்த கோபத்துக்கு ஓசியில்கூடக் கொடுத்திருப்பான்.

"எங்கிட்ட ஏன்டா கேக்கற?" என்றான். "அதுல அறுக்கறவ அவ. கொட்டகையில இருக்கா, போய்க் கேளு."

ஒப்ரென் கொட்டகை வாசலில் வந்து நின்று புதுத் தொப்பியைக் கழற்றினான். அவனுக்குப் பின்னால், முற்றத்தில், மிலிசாவ் எங்கள் பக்கம் பார்க்காமல் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒப்ரென் குமா என்று ஆரம்பித்தான். எனக்குப் பதில் தெரியும். ஒரே சொல், அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறான். அதை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

"இன்னும் நாலு மாடு இருக்கு" என்றேன். "கறந்து முடிக்கறேன், அங்கயே நில்லு. அப்புறம் மொதல்லேருந்து கேளு."